ஒயர் போகாத பதினெட்டு

செத்த பிறகு மனிதன் எங்கே போகிறான்? ரிஷிகள் காட்டில் உட்கார்ந்து யோசித்தார்கள். பண்டிதர்கள் தலைமுறை தலைமுறையாக வாதம் செய்தார்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த மிகச் சிலரில் நானும் ஒருவன் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பதினெட்டாம் நம்பர் எக்ஸ்டென்ஷனுக்குப் போகிறான்.

சிரியுங்கள், பரவாயில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது. எழுதும்போது ஒரே ஒரு திருத்தம்தான் செய்திருக்கிறேன்: நான் அலறிய இடத்தில் 'குரல் கொடுத்தேன்' என்று போட்டிருக்கிறேன்.

நடுராத்திரி, புளியமரம், நாய் ஊளை எல்லாம் எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு வந்தது பட்டப்பகலில், காலை டிபனுக்குப் பிறகு.

2001, வைகாசி மாதம். நான் ஏனாத்தூர்க்காரன், பெயர் ராமராஜன். சென்னையில் ஒரு கம்பெனியில் டெக்னீஷியன். ஆபீஸ்களுக்கு டெலிபோன் பெட்டி மாட்டுவோம். போன் செய்தால் மெஷினே பேசும், இதற்கு ஒன்றை அமுக்கு, அதற்கு இரண்டை அமுக்கு என்று சொல்லும், ஆள் இல்லாவிட்டால் செய்தியைப் பதிவு செய்துகொள்ளும். அந்த மாதிரிப் பெட்டி. இரண்டு வருடமாக நான் டெம்பரரி. மேனேஜர் குமாரசாமி வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்.

"ராமராஜா, காஞ்சிபுரம் சைட்ட ஒரு கம்ப்ளெயின்ட் இல்லாம முடிச்சுக் குடு. திங்கக்கிழமை உன்ன பர்மனென்ட் பண்றேன். கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுப்பா."

என் அப்பா முனிரத்தினம், நான் வீட்டில் போய்ச் சொன்னதில் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு, அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சாக்லேட் கொடுத்துவிட்டார். ஆகவே பர்மனென்ட் ஆகாமல் ஊருக்குள் நடக்க முடியாது என்ற நிலையில்தான் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சின்ன காஞ்சிபுரம் போனேன்.

'ஸ்ரீ பெருந்தேவி விவாஹ சேவா மையம், தலைமை அலுவலகம்.' கிளை அலுவலகம் எங்கேயும் கிடையாது. மூன்று அறை, நான்கு போன், அலமாரி அலமாரியாக ஐயங்கார் வீட்டு ஜாதகங்கள். நடத்துபவர் பராங்குசம். அவர் ஒருமுறை சென்னையில் ஒரு பெரிய ஆபீசுக்குப் போன் செய்தபோது மெஷின் அவரை வெகுநேரம் காக்கவைத்திருக்கிறது. அந்த கௌரவம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. தானும் மனிதர்களைக் காக்கவைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

முதல் சிக்கல் ஒன்றாம் நம்பரிலேயே வந்தது. "வடகலைன்னா ஒண்ணு, தென்கலைன்னா ரெண்டுன்னு போட்டுரட்டுங்களா சார்?" என்று கேட்டேன்.

பராங்குசம் நாற்காலியில் நிமிர்ந்தார். "தென்கலைக்காரா ரெண்டை அமுக்குவாளா? நான் இந்த ஊர்ல குடியிருக்க வேண்டாமா?"

"அப்போ மாத்திப் போட்டுடலாம் சார்."

"நான் வடகலை ஓய்!"

கடைசியில் அங்கே இருந்த இரண்டு டெலிபோன் லைனுக்கும் தனித்தனி வரவேற்பு போட்டேன். ஒரு லைனில் வடகலைக்கு ஒன்று. மற்றதில் தென்கலைக்கு ஒன்று. அதை 'இரண்டாம் லைன்' என்று சொல்லக் கூடாது, 'இன்னொரு முதல் லைன்' என்று சொல்ல வேண்டும் என்பது உத்தரவு.

"எதுவும் அமுக்காதவங்க எங்க போவணும் சார்?"

"ஏன் அமுக்க மாட்டா?"

பதில் சொன்னது ஸுபத்ரா மாமி. இருபது வருடமாக அங்கே போன் எடுத்துப் பேசிவந்தவர். மெஷின் வந்ததும் ஜாதகம் அடுக்கும் வேலைக்கு மாற்றப்பட்டிருந்தார். "கல்யாணம் பேசறவா எல்லாம் தாத்தாக்கள். அவாத்துல இன்னும் விரல விட்டுச் சுத்தற போன்தான். எத அமுக்குவா? மெஷின்கிட்டயே 'நன்னா இருக்கேளா'ன்னு விசாரிச்சுண்டிருப்பா."

"பட்டன் அமுக்கத் தெரியாத சம்பந்தம் நமக்கு எதுக்கு?" என்றார் பராங்குசம். "எங்கயாவது அனுப்பிடும்."

'எங்கயாவது' என்று மெஷினில் ஓர் இடம் கிடையாது. ஏதாவது ஒரு நம்பர் கொடுத்தே ஆக வேண்டும். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். பெட்டியில் பதினொன்றிலிருந்து பதினெட்டு வரை எட்டு எக்ஸ்டென்ஷன். நான்கில்தான் போன் இருந்தது. மற்றவற்றுக்கு ஒயரே இழுக்கவில்லை. ஒயர் இல்லாத நம்பருக்கு அழைப்பைத் திருப்பிவிட்டால், கூப்பிடுகிறவர் காதில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் எதுவும் அடிக்காது. அவராகச் சலித்து வைத்துவிடுவார். பேச ஆள் இல்லாதவர்களை அப்படித்தான் அனுப்புவோம்.

கடைசி நம்பர் பதினெட்டு. அதற்கு அனுப்பினேன்.

மறுநாள் ஞாயிறு. கருடசேவை. பராங்குசம் விடியற்காலையிலேயே கோயில் மரியாதை வாங்கப் போய்விட்டார். பெருமாள் திரும்பியதும் மதியம் ஒரு பிரமுகரோடு வருவார், அவர் ரிசீவரைத் தூக்கி மெஷினைத் துவக்கிவைப்பார் என்று ஏற்பாடு. அதற்குள் நான் எல்லாவற்றையும் சரிபார்த்து முடிக்க வேண்டும். துணைக்கு மாமி.

தெருவில் நிற்க இடம் இல்லாத கூட்டம். கதவைச் சாத்தித் தாழ் போட்டோம். குடை போகிறது, மேளம் போகிறது, ஜனம் போகிறது... எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய இரைச்சலாகக் கடந்து பெரிய காஞ்சிபுரம் பக்கம் நகர்ந்தது. போகும்போது ஊரையே கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். வெயில். தெருவில் ஒற்றைச் செருப்புகள். காக்கை கூட இல்லை.

அப்போதுதான் மாமி கேட்டார். "ராமராஜன், இந்த வெளக்கு ஏன் எரியறது?"

ஆபரேட்டர் மேஜையில் இருக்கும் போனில் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. மணி அடிக்கும்போது விட்டுவிட்டு மின்னும். யாராவது எடுத்துப் பேசினால்தான் நின்று எரியும்.

பதினெட்டு நின்று எரிந்துகொண்டிருந்தது.

"லூஸ் காண்டாக்ட்டா இருக்கும் மாமி" என்றேன். எங்கள் தொழிலில் தெரியாததற்கெல்லாம் அதுதான் பெயர்.

அணைந்தது. இரண்டு நிமிடம் கழித்து மின்னியது. ஒரு தடவை... இரண்டு தடவை... நின்று எரிந்தது.

ஆபரேட்டர் போனில் ஒரு வசதி இருக்கிறது. யார் பேசிக்கொண்டிருந்தாலும் நடுவில் நுழைந்து ஒட்டுக்கேட்கலாம். பல முதலாளிகள் அந்த ஒன்றுக்காகவே இந்த மெஷினை வாங்குகிறார்கள். அமுக்கினேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

ஒரு கிழவர் குரல். "மாம்பலத்துலேர்ந்து பேசறேன்மா. பேத்திக்கு."

"நட்சத்திரம்?"

பெண் குரல். வயதை மட்டும் சொல்ல முடியவில்லை. அவசரமே இல்லாத குரல்.

"அஸ்தம்."

காகிதம் புரட்டும் ஓசை. அதற்குப் பின்னால், எங்கோ தள்ளி, நிறையப் போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. ஒன்று நின்றால் இன்னொன்று.

"திருப்புட்குழியில ஒரு பையன் இருக்கான். ஸ்ரீவர்தன். உத்திராடம். ரொம்ப நாளா காத்துண்டிருக்கான்."

"ஆத்து விலாசம் குடும்மா... எழுதிக்கறேன்..."

மாமி எட்டி ஸ்பீக்கரை அணைத்தார்.

"என்ன மாமி? யாரு பேசுறது? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"எனக்குத் தலைய வலிக்கறது. நான் ஆத்துக்குப் போறேன்."

"மாமி..."

"நீங்களும் வந்துடுங்கோ."

"மத்தியானம் ஹேண்டோவர் இருக்குதே மாமி. முடிக்காம வந்தா என் வேல போயிடும்."

மாமி கதவின் தாழை நீக்கிக்கொண்டே சொன்னார். "அப்போ ஒண்ணு பண்ணுங்கோ. பேர் கேட்டா சொல்லாதேங்கோ."

போய்விட்டார்.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. திங்கட்கிழமை வந்து கண்ணெதிரே நின்றது. குமாரசாமி நின்றார். சாக்லேட் தின்ற தெரு முழுக்க நின்றது. உட்கார்ந்தேன்.

பெட்டியைத் திறந்தேன். பதினெட்டாம் முனையைப் பார்த்தேன். ஒயர் இல்லை. விரலால் தடவினேன். ஒன்றும் இல்லை. திருகாணிகூட முறுக்கப்படாமல் புதிதாக இருந்தது.

தலைக்கு மேலே, மேஜையில், அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சரி. மெஷினில் ஏதோ கோளாறு. பதினெட்டை ரத்து செய்தேன். அமுக்காதவர்களைப் பதினேழுக்குத் திருப்பினேன். அதிலும் ஒயர் இல்லை.

பதினெட்டு அணைந்தது.

நிம்மதி. நெற்றியைத் துடைத்தேன். தண்ணீர் குடித்தேன்.

பதினேழு மின்னியது.

ஒரு தடவை.

இரண்டு தடவை.

நின்று எரிந்தது.

ஒரு லைனிலிருந்து இன்னொரு முதல் லைனுக்கு நானே போன் செய்தேன். சோதனைதான். வரவேற்பு ஓடி முடிந்தது. நான் எதையும் அமுக்கவில்லை. மணி அடித்தது... அடித்தது...

டக்.

மூச்சு இல்லை. காகிதம் மட்டும் புரண்டது.

"ஏன் இடத்த மாத்தினேள்?"

நான் குரல் கொடுத்தேன்.

அந்தப் பக்கம் பொறுமையாகக் காத்திருந்தது. நான் கொடுத்து முடித்ததும் கேட்டது.

"பேர்?"

"ராமராஜன்."

சொல்லக் கூடாது என்று தெரியும். ஆனால் நாங்கள் பரம்பரையாகக் கவுன்டர் முன்னால் நின்ற குடும்பம். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டால் பதில் தானாக வந்துவிடும்.

"அப்பா பேர்?"

"முனிரத்தினம்."

"நட்சத்திரம்?"

"சுவாதி."

"கோத்ரம்?"

"எங்க ஜனத்துல அதெல்லாம் இல்லீங்க."

காகிதம் நின்றது. பின்னால் அடித்துக்கொண்டிருந்த அத்தனை போனும் நின்றது.

"பரவாயில்ல" என்றது குரல். "இங்க அதெல்லாம் பாக்கறதில்ல."

மறுபடியும் காகிதம் புரண்டது.

"உத்யோகம்?"

"டெக்னீஷியன்..."

"நிரந்தரமா?"

"நாளையிலிருந்துங்க."

"ஒரு பொண்ணு இருக்கா. கேட்டுச் சொல்றேன். லைன்லயே இருங்கோ."

காத்திருக்கும்போது கேட்கும் சங்கீதத்தை நான் இன்னும் மெஷினில் ஏற்றவே இல்லை. ஒன்றும் கேட்கக் கூடாது.

கெட்டிமேளம் கேட்டது.

தூரத்தில்... பிறகு கொஞ்சம் கிட்டத்தில்... நிற்காமல்... தாலி கட்டி முடிக்கவே முடியாத ஒரு கல்யாணத்தில் அடிப்பதுபோல...

கிட்டத்தில்.

இன்னும் கிட்டத்தில்.

கதவு தடதடவென்று இடிபட்டது.

ரிசீவரைப் போட்டுவிட்டு மேஜைக்கு அடியில் போனேன்.

"ஓய்! ராமராஜன்! கதவத் திறவும்! சீஃப் கெஸ்ட் வெயில்ல நிக்கறார்!"

பராங்குசம். நெற்றியில் நாமம், தோளில் கோயில் மாலை. பக்கத்தில் பிரமுகர், பெயர் பரமசிவம், முன்னாள் தாசில்தார். பெருமாள் காரியத்துக்குப் பரமசிவம் எப்படி என்று கேட்காதீர்கள். கருடசேவை அன்று சும்மா இருந்த ஒரே பெரிய மனிதர் அவர்தான். பின்னால் பத்திருபது பேர் விசிறிக்கொண்டு நின்றார்கள்.

"ரெடியா?"

நான் வாயைத் திறந்தால் அது கம்ப்ளெயின்ட். "ரெடி சார்" என்றேன்.

பரமசிவத்திடம் ரிசீவரைக் கொடுத்து நானே எண்ணை அமுக்கினேன். மெஷின் வணக்கம் சொன்னது. ஒன்றை அமுக்கச் சொன்னது.

"சார், ஒண்ணாம் பட்டன அமுக்குங்க சார்" என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல நான் அடுத்தவன் சொல்லி எதையும் செஞ்சதில்லப்பா" என்றார் பரமசிவம். அமுக்கவில்லை.

பதினேழு மின்னியது. நின்று எரிந்தது.

"ஆமா... பரமசிவம்... எழுபத்து நாலு... ஆமா, திருவாதிரை... ஓ... அப்படியா... ரொம்ப சந்தோஷம்." வைத்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"என்ன சொல்றது மெஷின்?" என்றார் பராங்குசம்.

"நல்ல மரியாதை தெரிஞ்ச பொண்ணு. 'உங்களுக்கு ஒரு இடம் தயாரா இருக்கு, நாங்களே கூப்பிடறோம்'னுச்சு."

எல்லோரும் கைதட்டினார்கள். ஏதோ கமிட்டித் தலைவர் பதவி என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆடி மாதம் காலமானார். வயதானவர், சர்க்கரை வேறு. அதனால் நான் எதுவும் சொல்லவில்லை.

பராங்குசம் எனக்குக் கை கொடுத்தார். "இவ்வளவு பேசும்னு நீர் சொல்லவே இல்லையே ஓய்! ஸுபத்ராகூட இவ்வளவு பொறுமையாப் பேச மாட்டா." வேலை திருப்தி என்று கையெழுத்துப் போட்டார். நான் பஸ் ஸ்டாண்டு வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

திங்கட்கிழமை குமாரசாமி லீவு. செவ்வாய், புதன் மீட்டிங். வியாழக்கிழமை கூப்பிட்டார்.

"என்னடா பண்ணி வச்சிருக்க? உன் மெஷின் தப்புத் தப்பா வரன் சொல்லுதாம்! மெஷின் எப்பிடிடா வரன் சொல்லும்?"

ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"கஸ்டமர் எழுதியே குடுத்துட்டான். இனிமே பர்மனென்ட் பேச்சே எடுக்காத. மேல ஒத்துக்க மாட்டாங்கப்பா."

வேறொருவனை அனுப்பி மெஷினைச் சோதிக்கச் சொன்னார்கள். அவன் பார்த்துவிட்டு வந்து பதினேழிலும் பதினெட்டிலும் ஒயரே இல்லை, கோளாறும் இல்லை என்றான். பராங்குசம் கேட்கவில்லை. பெட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டார். மாமி பழையபடி போன் மேஜைக்குத் திரும்பினார்.

அடுத்த வாரம் மாமியே கம்பெனிக்குப் போன் செய்து என்னைக் கேட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அந்த மாம்பலத்துத் தாத்தா பூ, பழம் எல்லாம் வாங்கிண்டு குடும்பத்தோட திருப்புட்குழிக்கே போயிட்டார் ராமராஜன். ஸ்ரீவர்தன் ஆத்துக்கு."

"அப்புறம்?"

"உக்காரச் சொல்லிட்டு, சுவத்துல மாலை போட்ட படத்தக் காமிச்சிருக்கா. அவன் லாரில அடிபட்டுப் போயி அஞ்சு வருஷம் ஆறது. வரன் பாத்துண்டிருக்கறச்சே போயிட்டான். அவன் ஜாதகத்த அலமாரிலேர்ந்து எடுத்து வேகவதி ஆத்துத் தண்ணியில விட்டதே நான்தான்."

ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"அவன் மட்டும் இல்ல. அன்னிக்குப் போன் பண்ணின அத்தனை பேருக்கும் சொன்ன வரன் எல்லாமே... நான் தண்ணியில விட்டதுதான். ஒண்ணு பாக்கியில்ல. கல்யாணம் ஆகாமப் போனவா."

"அந்தக் குரல் யாரு மாமி?"

"தெரியல. சத்தியமாத் தெரியல." குரலை இன்னும் தாழ்த்தினார். "பெட்டியக் கழட்டறதுக்கு முன்னாடி, பதினெட்டாம் நம்பருக்கு ஒரு மெசேஜ் பதிவாயிருந்தது. கழட்ட வந்தவர் போட்டுக் காமிச்சார். உங்களுக்குத்தான். டேப்ல பிடிச்சு வச்சிருக்கேன். கேக்கறேளா?"

வேண்டாம் என்று சொல்வதற்குள் டேப் ஓடியது. முதலில் மெஷினின் சொந்தக் குரல், தேதியையும் நேரத்தையும் படித்தது. கருடசேவை ஞாயிறு, மாலை நான்கு மணி. ஆபீஸ் பூட்டியிருந்த நேரம். குமாரசாமி என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவதற்கு நான்கு நாள் முன்பு.

பிறகு காகிதம் புரண்டது.

"ஏனாத்தூர் முனிரத்தினம் பிள்ளை ராமராஜன் விஷயம். பொண்ணாத்துல கேட்டேன். ஜாதகம் சேர்றது. ஜாதி பத்தி அவா ஒண்ணும் சொல்லல. பையனுக்கு உத்யோகம் நாளைலேர்ந்து நிரந்தரம்னு சொன்னார். விசாரிச்சதுல, நாளைக்கும் ஆகாது, அதுக்கப்பறமும் ஆகாதுன்னு தெரிஞ்சுது. அதனால வேண்டாம்கறா."

டக்.

அப்படியாக, உயிரோடு இல்லாத ஒரு பெண்ணின் வீட்டிலும் என்னை வேண்டாம் என்றுவிட்டார்கள்.